மார்த்தாண்டத்துத் தேன்பெட்டி

தை மாதம் முடியும் தறுவாயில், குமரி மாவட்டத்து விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களின் மலையடிவாரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றினுள் விடியற்காலையில் சென்று நிற்பவர் காணும் காட்சி விசேஷமானது. சில வாரங்களுக்கு முன்புவரை இலைகளையெல்லாம் உதிர்த்துவிட்டு வெறுங்கொம்புகளாய் நின்ற மரங்கள், செம்பு நிறத் தளிர்களைத் தாங்கி நிற்கும். அண்ணாந்து பார்த்தால் கண்ணைக் கவரும் மலர் எதுவும் தென்படாது. ஆயினும் தலைக்கு மேலே, கோயில் மணி ஓய்ந்த பிறகும் நெடுநேரம் காதில் தங்கும் நாதத்தைப்போல, ஆயிரமாயிரம் தேனீக்களின் ரீங்காரம் கேட்டுக்கொண்டேயிருக்கும். தாழ்ந்த கொம்பு ஒன்றை வளைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். ரப்பர் இலை மூன்று சிற்றிலைகள் சேர்ந்தது. அம்மூன்றும் காம்பின் நுனியில் வந்து கூடும் இடத்தில் கடுகளவான சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றின்மேல், பனித்துளியோ என்று மயங்கும்படி, ஒரு துளி மினுங்கும். விரலால் தொட்டு நாவில் வைத்தால் இனிக்கும். மார்த்தாண்டம் தேன் என்று தமிழ்நாடெங்கும் விலைபோகும் தேனில் பெரும்பகுதி இந்தத் துளியிலிருந்து வந்ததுதான்.

தேன் என்றவுடன் பூவையே நினைத்துப் பழகிய நமக்கு இது சற்று ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். எனக்கோ இதைக் காட்டிலும் ஆச்சரியமானது வேறொன்று. ரப்பர் மரத்தின் தாயகம் அமேசான் ஆற்றுக் காடுகள். 1876ஆம் ஆண்டில் விக்கம் என்ற ஆங்கிலேயர் அங்கிருந்து விதைகளை லண்டனுக்குக் கொண்டுசென்ற பிறகு, அதன் கன்றுகள் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் வந்தன. 1902ஆம் ஆண்டில் பெரியாற்றின் கரையில் தோட்டப் பயிராக வேரூன்றி, காலக்கிரமத்தில் தென் திருவிதாங்கூரின் குன்றுச் சரிவுகளிலும் பரவியது. அமேசான் காட்டில் நம் தேனீயின் இனம் இருந்ததில்லை. நம் தேனீயோ இந்த மரத்தை முன்பு கண்டதேயில்லை. ஒன்றையொன்று அறியாத இவ்விரு ஜீவன்களும் ஒரு மலையடிவாரத்தில் சந்தித்தன. இடையே மனிதன் ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். இந்தத் தொழிலின் சரித்திரம் பெரும்பாலும் அந்தப் பெட்டியின் சரித்திரமே.

பெட்டி வருவதற்கு முன்பு தேன் எடுப்பது என்பது கொள்ளையாகவே இருந்தது. பாரியின் பறம்பு மலை உழவரின் உழைப்பில்லாமலே தரும் விளைபொருள்கள் நான்கினுள் தேனும் ஒன்று என்று கபிலர் புறநானூற்றில் பாடியிருக்கிறார்; உழாமல் விளைவது என்ற அந்தப் பெருமை அக்காலத்துக்குப் பொருந்தும். மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் காணிக்காரர்கள் பாறை முகட்டிலும் பெருமரங்களின் உச்சியிலும் தொங்கும் மலைத்தேனீயின் அடைகளை இருட்டில் புகைபோட்டு எடுத்துவந்தார்கள். உயிரைப் பணயம் வைத்துச் செய்யும் அந்த வேலைக்குரிய சாமர்த்தியமும் பக்தியும் அவர்களிடம் பரம்பரையாக இருந்தன. மலைத்தேனீ வெட்டவெளியில் ஒற்றை அடை கட்டும் சுபாவமுடையது; அதை எந்தப் பெட்டியிலும் அடைக்க இயலாது. ஊர்ப்புறத்திலோ, மரப்பொந்திலும் கல்லிடுக்கிலும் கறையான் புற்றிலும் இருளுக்குள் அடுக்கடுக்காக அடை கட்டும் சிறிய தேனீயைக் கண்டுபிடித்தவர்கள் பொந்தைக் கோடரியால் பிளந்து, அடைகளை வாரி, புழுவும் மகரந்தமும் தேனுமாகச் சேர்த்து ஒரு துணியில் இட்டுப் பிழிந்தார்கள். அப்படிப் பிழிந்த தேன் விரைவில் நுரைத்துப் புளித்தது. குடியிழந்த ஈக்கள் மறுநாள் வரை அந்த மரத்தைச் சுற்றிக்கொண்டிருந்து பிறகு எங்கோ போயின. எங்கள் பாட்டா தம் சிறு வயதில் இவ்வாறு செய்ததை என்னிடம் சொல்லும்போதெல்லாம், ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்பவர்போல் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

இந்த நிலைமையை மாற்றியது ஓர் இடைவெளி. 1851ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்ற பாதிரியார், தேனீக்கள் தம் அடைகளுக்கிடையே நடந்து செல்ல ஏறக்குறைய ஓர் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு இடம் விடுகின்றன என்பதையும், அதைவிடக் குறுகிய சந்தைப் பிசினால் அடைத்துவிடுகின்றன, அதைவிட அகன்ற இடத்தில் புதிய அடையைக் கட்டிவிடுகின்றன என்பதையும் உணர்ந்து, அந்த அளவைக் காத்து மரச்சட்டங்களைத் தொங்கவிட்டால் ஒவ்வொரு சட்டத்தையும் புத்தகத்தின் ஏட்டைப்போல் வெளியே எடுத்துப் பார்த்துத் திரும்ப வைக்கலாம் என்று கண்டார். கூட்டை அழிக்காமல் தேனெடுக்க வழி பிறந்தது அன்றைக்குத்தான். பின்னர், 1865இல், சட்டங்களைச் சுழற்றியே தேனை வெளியேற்றும் பொறியும் ஐரோப்பாவில் வந்தது.

ஆனால் மேல்நாட்டுப் பெட்டி மேல்நாட்டு ஈக்கு உரியது. நம் நாட்டு அடுக்குத் தேனீ உருவத்தில் சிறியது. அதன் குடும்பமும் சிறியது. பதினேழு அங்குலத்துக்கு மேல் நீண்ட சட்டங்களைக் கொண்ட பெரிய மாளிகையில் அதைக் குடிவைத்தால், இடத்தை நிரப்ப இயலாமல் மனம் சலித்து ஓடிவிடும். இந்தச் சிக்கலைத் தீர்த்தவரும் ஒரு பாதிரியாரே. 1911 முதல் 1917 வரை தென்னிந்தியாவில் பிரயத்தனம் செய்த நியூட்டன் என்ற பாதிரியார், ஏறக்குறைய எட்டு அங்குல நீளமே உள்ள ஏழு சட்டங்களைக் கொண்ட சிறிய பெட்டி ஒன்றை அமைத்து, அதைக் கையாளப் பலருக்கும் கற்றுக்கொடுத்தார். கீழே புழு வளரும் அறை. அதற்கு மேலே, பாதி உயரமே உள்ள தேனறை. தலைக்கு ஒரு கூரை. இன்றைக்கும் குமரி மாவட்டத்துத் தச்சர் அடிக்கும் பெட்டி, சிறு மாறுதல்களுடன், நியூட்டன் பெட்டிதான். வீட்டு வாசலில் நான்கு பலகைத் துண்டு கிடந்தால் அவரே அளந்து அடித்துவிடுவார். அந்த எளிமையைத்தான் நான் நியூட்டனின் பெரிய உபகாரமாகக் கருதுகிறேன்.

திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் 1917ஆம் ஆண்டிலேயே தேனீ வளர்ப்பு தொடங்கிவிட்டது. மைசூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் அது பிறகுதான் வந்தது. 1928இல் விவசாயத்துக்கான ராயல் கமிஷனும் இதைக் குடிசைத் தொழிலாக வளர்க்கலாமென்று சிபாரிசு செய்தது. ஆனால் சிபாரிசுகள் தாமாக ஈயைப் பிடித்துப் பெட்டியில் விடுவதில்லை. குழித்துறைக்கு அருகே, தொடுவெட்டி என்று பழம்பெயர் கொண்ட சந்தையூராகிய மார்த்தாண்டத்தில் அந்தக் காரியம் நடந்ததற்குக் காரணம் ஒய்.எம்.சி.ஏ. அங்கே நிறுவிய கிராமப் புனருத்தாரண நிலையம். சேலத்தில் பிறந்து அந்த ஸ்தாபனத்தின் முதல் இந்தியப் பொதுச்செயலாளராய் விளங்கிய கே.டி. பால், கிராமத்தின் வறுமையைக் கிராமத்திலேயே எதிர்க்க வேண்டுமென்ற கருத்தை வலியுறுத்தி வந்தார். அக்கருத்துக்கு மார்த்தாண்டத்தில் உருக்கொடுத்தவர் ஸ்பென்ஸர் ஹாட்ச் என்ற அமெரிக்கர். 1920களிலும் 1930களிலும் அவர் அங்கே நடத்திய வேலைக்கு ஆதாரமான கொள்கை எளிது: உழைப்பு குடியானவனுடையதாகவே இருக்க வேண்டும், அறிந்தவர் ஒருவர் பக்கத்திலேயே இருந்து யோசனை சொல்ல வேண்டும். கோழி, பனைவெல்லம், கைத்தொழில்கள் ஆகியவற்றோடு தேனீயும் அந்தத் திட்டத்தில் இடம்பெற்றது. 1932இல் அவர் எழுதி வெளியிட்ட நூலின் மூலம் மார்த்தாண்டம் என்ற சிற்றூரின் பெயர் கடல் கடந்த நாடுகளிலும் தெரியவந்தது.

அந்த மண்ணுக்குத் தேனீ ஏன் அவ்வளவு பொருந்திப் போயிற்று என்பதைச் சற்று நிதானித்துச் சொல்ல வேண்டும். விளவங்கோட்டுப் பகுதியில் ஜனநெருக்கம் அதிகம். பத்து சென்ட் புரையிடம், அதில் நாலு தென்னை, ஒரு பலா, ஒரு முருங்கை, கொஞ்சம் மரச்சீனி என்பதே பல குடும்பங்களின் சொத்து. மாடு வளர்க்கப் புல் வேண்டும். ஆடு வளர்த்தால் அயலானின் விளையில் மேய்ந்து சண்டையை இழுத்துவரும். தேனீயோ அயலானின் விளையில் மேய்ந்தால் அவனுடைய மரம் கூடுதலாகக் காய்க்கும். நிலமில்லாதவன் நிலமுடையவனுக்கு வாரமோ பாட்டமோ கொடுக்காமல் நாலு மைல் சுற்றளவின் செல்வத்தைத் தன் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவரச் செய்யும் தொழில் வேறொன்றை நான் அறியேன். ஐந்து பெட்டி வைத்த வீட்டில் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளம் தேனிலிருந்து கட்டப்பட்டது. முப்பது பெட்டி வைத்த வீட்டில் ஒரு மகளின் கல்யாணச் செலவில் ஒரு பகுதி நடந்தது.

தொழில் வீட்டோடு கலந்திருந்தபடியால் அதன் பேச்சும் குடும்பப் பேச்சாகவே அமைந்தது. ஒரு பெட்டியிலுள்ள ஈக்கள் ஒரு குடும்பம். புதிய ராணி பிறக்க, பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு வெளியேறுவது குடி பிரிதல். மழை வலுத்து மலரொழிந்த ஆனி, ஆடி மாதங்கள் பஞ்ச காலம். அப்போது பெட்டிக்குள் சிரட்டையில் சீனிப்பாகு வைத்து, ஈ மூழ்கிவிடாமலிருக்க அதில் இரண்டு குச்சியை மிதக்கவிட்டு, குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டும். இந்த வேலை எங்கள் வீட்டில் பெண்களுடையது. பெட்டியைத் தாங்கும் காலின் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைத்து எறும்பைத் தடுப்பதும், மெழுகுப் பூச்சி நூல் பின்னிய அடையை அறுத்தெறிவதும் அவர்களே. ஐப்பசிக்கு மேல் குடும்பங்கள் பெருகும். அப்போது பாட்டா கூட்டைப் பிரித்துப் புதுப் பெட்டிகளில் குடிவைப்பார். பிறகு மாசிக்காகக் காத்திருப்பார்கள்.

தேனெடுக்கும் நாளன்று விடியுமுன் பாட்டா என்னை எழுப்புவார். காய்ந்த தென்னந்தொண்டைப் பற்றவைத்து ஊதி, நெருப்பை அடக்கிப் புகையை மட்டும் பெட்டியின் வாயில் இரண்டு முறை விட்டு, கூரையை மெல்ல நெம்புவார். பிசின் பிரியும் 'டிக்' என்ற ஓசை எழும். உள்ளிருந்து வெதுவெதுப்பான ஒரு வாசனை வரும்; மெழுகும் தளிரும் வியர்வையும் கலந்தாற்போன்ற அந்த வாசனையை வேறெங்கும் நான் முகர்ந்ததில்லை. "பாட்டா, கொட்டுமா?" என்று கேட்டேன் ஒருமுறை. "நீ பயந்தா அதுவும் பயப்படும், மக்களே. மூச்ச மெல்ல விடு" என்றார். சட்டத்தைத் தூக்கி, ஒரே உதறலில் ஈக்களைப் பெட்டிக்குள்ளேயே விழச்செய்து, சட்டத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். முழுவதும் வெள்ளை மெழுகால் மூடியிருந்தால்தான் தேன் முதிர்ந்தது; பாதி திறந்திருந்தால், இன்னும் நாலு நாள் பொறுக்கட்டும் என்று திரும்ப வைத்துவிடுவார். முதிர்ந்த அடையின் மூடியை, வெந்நீரில் தோய்த்த கத்தியால் சீவி எடுப்பார். அம்மா சட்டங்களைத் தகரப் பீப்பாய்க்குள் நிறுத்தி அதன் கைப்பிடியைச் சுற்றுவாள். தேன் மழைத் தூறலைப்போல உட்சுவரில் அடித்து வழியும். தேனிழந்த அடை உடையாமல் பெட்டிக்கே திரும்பும். ஈ மெழுகு சுரக்க வேண்டுமானால் அதைப்போல் பன்மடங்கு தேனை உண்டாக வேண்டும். அடையைத் திருப்பிக் கொடுப்பதால் அந்தச் செலவு ஈக்கு மிச்சமாகி, எட்டு பத்து நாளில் அடை மீண்டும் நிறைந்துவிடும். புழு அறையிலுள்ள தேனைப் பாட்டா தொட்டதே கிடையாது. அது ஆடி மாதத்துக்கு உரியது என்பார்.

எடுத்த தேனை விற்பது, எடுப்பதைவிடக் கடினம். நம் தேனீயின் தேனில் நீர் கூடுதல். நூற்றில் இருபது பங்கையும் தாண்டும். அப்படியே வைத்தால் புளிக்கும். எனவே வளர்ப்போர் சேர்ந்து அமைத்த கூட்டுறவுச் சங்கம் உறுப்பினரின் தேனை வாங்கி, பக்குவமாகச் சூடுகாட்டி, வடிகட்டி, 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக வந்த அக்மார்க் முத்திரையுடன் வெளியூருக்கு அனுப்பியது. சங்கத்துக்குக் கொடுத்தது போக மீதியை வீட்டிலேயே புட்டியில் அடைத்து விற்றார்கள். வைத்தியரும் வாங்குவார்கள், சித்த மருந்துப் பொடிகளுக்கு அனுபானம் தேனல்லவா?

ரப்பர்த் தேனுக்கு ஒரு குணமுண்டு: அது சீக்கிரம் உறைந்துவிடும். அதிலுள்ள குளுக்கோஸ் மணிமணியாகத் திரண்டு, புட்டியின் அடியில் வெண்ணெய்போல் படியும். இது தேனின் இயல்பே அன்றி வேறில்லை. ஆனால் இந்த இயல்பு எங்களுக்கு இழைத்த துன்பம் கொஞ்சமன்று. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் ஊரில் குடியிருந்த அம்மாள் ஒருத்தி, பங்குனியில் வாங்கிய புட்டியைக் கார்த்திகையில் முற்றத்தில் கொண்டுவந்து வைத்து, "சீனியைக் காய்ச்சி ஊத்திட்டீங்களே அக்கா, உங்க மேல எவ்வளவு நம்பிக்கை வச்சிருந்தேன்" என்று கண் கலங்கினாள். அம்மா பதில் சொல்லவில்லை. அடுப்பில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வைத்து, அதில் புட்டியை நிறுத்தி, அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். அரைமணி நேரத்தில் வெண்மை கரைந்து, மாசி மாதத்தில் பீப்பாயிலிருந்து வடிந்தபோது இருந்த நிறத்துக்கே தேன் திரும்பியது. அந்த அம்மாள் ஏற்றுக்கொண்டாள். ஆனால் அவளைப்போல் வந்து கேட்டவர்கள் எத்தனை பேர்? கேளாமலே புட்டியை எறிந்துவிட்டு, மார்த்தாண்டம் தேன் கலப்படம் என்று ஊரெல்லாம் சொன்னவர்களே அதிகம். தாளில் ஒரு சொட்டு விடுவது, தண்ணீரில் கரைகிறதா என்று பார்ப்பது, நாய் நக்குகிறதா என்று பார்ப்பது ஆகிய சோதனைகளால் தேனின் தூய்மை நிரூபணமாவதில்லை. இவற்றை நம்புபவர்கள் உறைந்த நல்ல தேனை ஒதுக்கிவிட்டு, என்றும் உறையாத பாகைத் தேனென்று வாங்கிச் செல்வதைக் காணும்போது, விடியற்காலையில் புகையூதிய அந்தக் கிழவரின் முகம் என் முன்னே வந்து நிற்கிறது.

1956 நவம்பர் முதல் தேதி விளவங்கோடும் கல்குளமும் சென்னை ராஜ்யத்தோடு இணைந்தன. கதர் கிராமத் தொழில் நிறுவனங்கள் தேனீ வளர்ப்பை மேற்கொண்டன. 1962இல் புனாவில் மத்திய ஆராய்ச்சி நிலையமும் தோன்றியது. ரப்பர் பெருகப் பெருகத் தேனும் பெருகியது. உள்ளூர்த் தோட்டங்கள் போதாமல், குமரி மாவட்டத்து வளர்ப்போர் மலையாள நாட்டின் ரப்பர்த் தோட்டங்களுக்கும் பெட்டிகளை ஏற்றிச் சென்றார்கள்: அந்தியில் ஈக்கள் எல்லாம் திரும்பிய பின் வாசலை அடைத்து, லாரியில் அடுக்கி, குளிர்ந்த இரவிலேயே ஓட்டி, பொழுது விடியுமுன் புதிய மரங்களின் அடியில் இறக்கிவிட வேண்டும். தளிர் விடும் பருவத்தில் மழை பெய்தால் சுரந்த துளி கரைந்து போகும். சாம்பல் நோய் கண்டால் தளிரே உதிர்ந்துவிடும். அந்த ஆண்டு லாரி வாடகையும் கையைக் கடிக்கும்.

இவையெல்லாம் தாங்கக்கூடிய நஷ்டங்கள். 1991, 1992ஆம் ஆண்டுகளில் வந்ததோ வேறு. தாய்லாந்தில் முதலில் கண்டறியப்பட்டபடியால் அந்நாட்டின் பெயரைப் பெற்ற புழுநோய், வடகிழக்கு மலைகளில் தலைகாட்டிய பல ஆண்டுகளுக்குப் பின் தெற்கே இறங்கியது. கூட்டுப்புழுவாக மாறவேண்டிய தருணத்தில் புழு மல்லாந்து, தோணியின் முகப்பைப்போல் தலையைத் தூக்கியபடி இறந்துகிடக்கும். ஊசியால் தூக்கினால் நீர் நிறைந்த சிறு பையைப்போல் தொங்கும். மருந்து கிடையாது. தென்னிந்தியாவில் பத்துக் குடும்பங்களில் ஒன்பது அழிந்தன. எங்கள் விளையில் நாற்பதுக்கு மேற்பட்ட பெட்டிகள் இருந்தன. அடுத்த ஓணத்துக்குள் எல்லாம் ஊமையாகிவிட்டன. காலையில் எழுந்தால் காதுக்கு ஏதோ குறைந்தாற்போல இருந்தது. சிலர் இத்தாலியத் தேனீயை வாங்கிப் பார்த்தார்கள்; அது பெரிய குடும்பம், பெரிய தீனி, பெரிய பெட்டி; பத்து சென்ட் புரையிடத்துக்கு அது ஏற்குமா என்ற கவலை பலருக்கு. சிலர் பெட்டிகளை அடுப்பில் எரித்தார்கள். நோயைத் தாங்கிப் பிழைத்த காட்டுக் குடும்பங்களிலிருந்துதான் நாட்டுத் தேனீ சிறிது சிறிதாக மீண்டது. 2023ஆம் ஆண்டில் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, விழாவாகப் பேசிய பலருக்கு, இத்தொழில் ஒருமுறை ஏறக்குறையச் செத்துப் பிழைத்தது என்பது நினைவிலிருந்ததா என்று எனக்குத் தெரியாது.

பாட்டா தம் பெட்டிகளை எரிக்க விடவில்லை. சட்டங்களை நெருப்பில் வாட்டி, உள்ளே பழைய மெழுகைத் தடவி, மதிலோரத்திலும் பலாவின் கவட்டிலும் வெறுமையாகவே வைத்தார். மூன்றாம் ஆண்டு மார்கழியில் ஒரு நண்பகலில், பலா மரத்துப் பெட்டியின் வாசலில் நாலைந்து ஈக்கள் வந்து அளந்து பார்ப்பதுபோல் நடந்தன. மறுநாள் ஒரு கூட்டம் இறங்கியது. பாட்டாவுக்கு அப்போது கண் மங்கிவிட்டது. பெட்டியில் காதை வைத்துக் கேட்டார். அந்த மாசியில் ரப்பர் நன்றாகச் சுரந்தது. தேனறை நிறைந்து கனத்தது. அம்மா பீப்பாயைக் கழுவிக் கவிழ்த்துவைத்திருந்தாள். "இந்த வருஷம் வேண்டாம்" என்றார் பாட்டா. கூரையை மூடி, அதன்மேல் ஒரு கல்லையும் தூக்கிவைத்தார்.